பழைய கொடி, கருத்த மலை: பிரியோராட் ஒயின் பாட்டிலில் இருக்கும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள்?

2024இல் ஒயின் உலகம் ஒரு சின்ன வரையறையைப் பற்றி நிறையப் பேசியது. பன்னாட்டுத் திராட்சை, ஒயின் அமைப்பு ஒரு தீர்மானம் போட்டது. அதன்படி 35 ஆண்டோ அதற்கு மேலோ வயதான திராட்சைக் கொடியைத்தான் ‘பழைய கொடி’ என்று சொல்லலாம். அந்த வயதுக்கு ஆவணமும் இருக்க வேண்டும். ஒரு தோட்டத்தைப் பழைய தோட்டம் என்று அழைக்க, அதில் நூற்றுக்கு 85 கொடிகளாவது அந்த வயதைத் தாண்டியிருக்க வேண்டும்.

இதைப் படித்தவர்கள் குழம்பியது நியாயம்தான். ஸ்பெயினின் வடகிழக்கில், கட்டலோனியா மலைகளுக்குள் ஒளிந்திருக்கும் பிரியோராட் பகுதியில் அளவுகோல் வேறு. அங்கே லேபிளில் ‘பழைய கொடிகள்’ என்று போட, கொடிக்கு 75 வயதாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது 1945க்கு முன்னால் நட்டதாக இருக்க வேண்டும். அப்படியானால் பாட்டிலில் இந்தச் சொல்லைப் பார்க்கும்போது எதை நம்புவது? அந்தச் சொல்லுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் காசு எதற்குப் போகிறது? பிரியோராட்டையே எடுத்துக்காட்டாக வைத்து அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

இரண்டு வயதுகள்

ஒயினில் இரண்டு வயதுகள் உண்டு. பாட்டிலில் அச்சிட்ட ஆண்டு என்பது பழம் பறித்த ஆண்டு. கொடியின் வயது அதோடு சம்பந்தமே இல்லாதது. 2021இல் பறித்த பழத்திலிருந்து செய்த ‘இளம்’ ஒயின், 1920இல் நட்ட கொடியிலிருந்து வந்திருக்கலாம். ‘பழைய ஒயின்’ வேறு, ‘பழைய கொடி ஒயின்’ வேறு. கடையில் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து வாங்குபவர்கள் ஏராளம்.

இனி கொடிக்கு வருவோம். திராட்சை நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கும். ஏழெட்டு வயதிலிருந்து இருபத்தைந்து வயது வரை நன்றாகக் காய்க்கும். அதற்குப் பிறகு விளைச்சல் மெல்ல மெல்ல இறங்கும். கணக்குப் பார்க்கும் விவசாயி முப்பது வயதுக் கொடியைப் பிடுங்கிவிட்டுப் புதிது நடுவார். சமவெளியில் அதுதான் வழக்கம். ஆகவே எழுபது, எண்பது வயதுக் கொடி எங்காவது நிற்கிறது என்றால், பிடுங்காமல் விட்டதற்கு ஒரு காரணம் இருந்தாக வேண்டும். அந்தக் காரணத்தைத் தேடினால்தான் பிரியோராட் புரியும்.

ஆஸ்திரேலியாவின் பரோசா பள்ளத்தாக்கில் 2009இல் வயது வாரியாகப் பெயர் வைத்தார்கள்: 35க்கு மேல் ‘பழையது’, 70க்கு மேல் ‘தப்பிப் பிழைத்தது’, 100க்கு மேல் ‘நூற்றாண்டு’, 125க்கு மேல் ‘மூதாதை’. தென்னாப்பிரிக்காவில் 35 வயது தாண்டிய தோட்டத்து ஒயினுக்குத் தனி முத்திரை உண்டு. அதில் கொடி நட்ட ஆண்டும் இருக்கும். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் இப்படி எந்தச் சட்டமும் இல்லாமலே தயாரிப்பாளர்கள் இந்தச் சொல்லைப் போட்டுவந்தார்கள். 2024 தீர்மானமும் பரிந்துரைதான். அந்தந்த நாடு எடுத்துக்கொண்டால்தான் சட்டமாகும்.

மலையும் அதன் கல்லும்

பிரியோராட் தாரகோனா மாகாணத்தில் இருக்கிறது. மத்தியதரைக் கடல் சுமார் 20 கிலோமீட்டர் தூரம்தான். ஆனாலும் நடுவில் மலைகள் நிற்பதால் கடற்கரைப் பகுதி என்ற உணர்வே வராது. வடக்கே மொன்சான் மலைத்தொடர் சுவர் போல நிற்கிறது. தோட்டங்கள் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 100 முதல் 700 மீட்டர் உயரம் வரை ஏறுகின்றன.

பெயர் ஒரு மடத்திலிருந்து வந்தது. 1194இல் கார்த்தூசியத் துறவிகள் மொன்சான் அடிவாரத்தில் ஒரு மடம் கட்டினார்கள். ஒரு பைன் மரத்திலிருந்து தேவதூதர்கள் ஏணியில் வானத்துக்கு ஏறியதை ஒரு மேய்ப்பர் கண்டார் என்பது கதை. ‘கடவுளின் ஏணி’ என்ற பொருளில் மடத்துக்கு எஸ்காலாதேய் என்று பெயர். மடத்தின் தலைவர் ‘பிரியோர்’. அவர் ஆண்ட நிலம் பிரியோராட். அறுநூறு ஆண்டுகளுக்கு மேல் துறவிகள் இங்கே திராட்சை வளர்த்தார்கள். 1830களில் ஸ்பெயின் அரசு மடங்களின் சொத்தைப் பறிமுதல் செய்தபோது அவர்கள் வெளியேற, நிலம் தனியார் கைக்குப் போனது.

இந்த மண்ணைக் கையில் எடுத்துப் பார்ப்பது நல்லது. மண் என்று சொல்வதே தப்பு; அது கல். உள்ளூர்ப் பெயர் யிகொரேயா. நம் தாத்தா காலத்துப் பள்ளிச் சிலேட்டு எந்தக் கல்லோ அந்த இனம், ஆனால் மக்கிப்போய் உடையும் நிலையில் இருப்பது. உள்ளங்கை அகலத் துண்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினால் ஏடு ஏடாகப் பிரியும். கருஞ்சாம்பல் நிறம், இடையிடையே துருப்பிடித்த செம்மை, அப்புறம் வெயிலில் பொடிப்பொடியாக மின்னும் மைக்கா. வயது 30 கோடி ஆண்டுக்கு மேல்.

இந்தக் கல்லுக்கு மூன்று குணங்கள்.

1. மேற்பரப்பில் தண்ணீர் நிற்காது. ஆண்டுக்கு 400 முதல் 600 மில்லிமீட்டர் மழைதான். அதுவும் ஏடுகளின் இடுக்கு வழியாக உள்ளே இறங்கிவிடும்.
2. சத்து மிகக் குறைவு. மக்கிய இலைதழை ஏறக்குறைய இல்லை. கொடி கொழுத்து வளர வழியில்லை.
3. ஏடுகள் பல இடங்களில் செங்குத்தாகச் சாய்ந்து நிற்கும். வேர் அந்த விரிசலைப் பிடித்துக்கொண்டு பல மீட்டர் கீழே போக முடியும்.

மூன்றாவது குணத்துக்குக் காலம் வேண்டும். ஐந்து வயதுக் கொடியின் வேர் மேல்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ஐம்பது வயதுக் கொடி, கோடையிலும் ஈரம் இருக்கும் ஆழத்தைக் கண்டுபிடித்திருக்கும். சமவெளி வண்டல் மண்ணில் இந்த வேறுபாடு இவ்வளவு பெரிதாகத் தெரியாது. கொடியின் வயது எல்லா ஊரிலும் ஒரே அளவு முக்கியமில்லை என்பதற்கு இதுதான் முதல் காரணம்.

பிடுங்காமல் விட்டது ஏன்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்ஸெரா என்ற நுண்ணிய பூச்சி அமெரிக்காவிலிருந்து வந்து ஐரோப்பாவின் திராட்சை வேர்களைத் தின்று தீர்த்தது. 1860களில் தெற்குப் பிரான்ஸில் தொடங்கி, 1893இல் பிரியோராட்டுக்கு வந்து சேர்ந்தது. அதுவரை இங்கே சுமார் 5,000 ஹெக்டேரில் திராட்சை இருந்தது. சில ஆண்டுகளில் அது அழிந்தது.

தீர்வு ஒட்டுக்கட்டுவது. அமெரிக்கத் திராட்சையின் வேரை இந்தப் பூச்சி கொல்வதில்லை. அதனால் வேர்ப்பகுதிக்கு அமெரிக்கக் கொடி, மேலே ஐரோப்பியக் கொடி. பிரியோராட்டில் இன்று நிற்கும் மிகப் பழைய கொடிகள் பெரும்பாலும் இந்த மறுநடவுக் காலத்தவை. ‘மடத்துத் துறவிகள் நட்ட கொடி’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் எல்லோராலும் மறுபடி நட முடியவில்லை. செங்குத்துச் சரிவில் கடப்பாரையால் கல்லைப் பிளந்து நடுவதற்கு ஆள் வேண்டும், காசு வேண்டும். பலர் பக்கத்து ஊர் ரேவுஸின் ஆலைகளுக்கும் பார்சலோனாவுக்கும் போய்விட்டார்கள். கிராமங்கள் காலியாயின. தங்கியவர்கள் பழத்தைக் கூட்டுறவுச் சங்கத்தில் கொடுத்தார்கள். ஒயின் மொத்தமாக, மற்ற ஊர் ஒயினுக்குக் கனம் சேர்க்கும் கலவைச் சரக்காகப் போனது. 1980கள் வாக்கில் மிஞ்சியது 1,000 ஹெக்டேருக்கும் கீழே.

இங்கேதான் பிடுங்காமல் விட்டதற்கான காரணம் கிடைக்கிறது. பழைய கொடிகள் தப்பியது யாரும் அவற்றைப் போற்றியதால் இல்லை. பிடுங்கிப் புதிது நடப் பணம் இல்லை. டிராக்டர் ஏற முடியாத சரிவில் வேறு பயிரும் வராது. வயதானவர்கள் கிடைத்த வரை பறித்துக்கொண்டு, ஆண்டுதோறும் கவாத்து மட்டும் செய்துகொண்டு வந்தார்கள். இந்த ஏழ்மைதான் கொடிகளைக் காப்பாற்றியது. அப்படிக் கவாத்துச் செய்தவர்களின் பெயர் எந்த லேபிளிலும் இல்லை. இந்த ஒயினைப் புகழ்ந்து எழுதுபவர்கள் அவர்களை ஒரு வரியிலாவது நினைக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

1989க்குப் பிறகு

1980களின் கடைசியில் ஒரு சிறு குழு கிரதாயோப்ஸ் என்ற கிராமத்தில் கூடியது. ரெனே பார்பியே, ஆல்வாரோ பலாசியோஸ், ஜூசெப் யூயிஸ் பெரெஸ், கார்லெஸ் பஸ்த்ரானா, டாஃப்னி குளோரியன் ஆகியோர் அதில் முக்கியமானவர்கள். முதல் அறுவடை 1989. ஒரே கூடத்தில் சேர்ந்து ஒயின் செய்து, தனித்தனிப் பெயரில் பாட்டிலில் அடைத்தார்கள். சில ஆண்டுகளில் உலக விமர்சகர்கள் இந்த மலையைக் கண்டுகொண்டார்கள். 1993இல் பலாசியோஸ் ஒரு சரிவில் இருந்த பழைய, கார்நாச்சா என்ற திராட்சை வகைத் தோட்டத்தை வாங்கி ‘லெர்மிதா’ என்ற ஒயின் செய்தார். இன்று ஸ்பெயினின் மிக விலை உயர்ந்த ஒயின்களில் அது ஒன்று.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் பழைய கொடிகள்தான் நாயகர்கள் என்று எல்லோரும் நினைக்கவில்லை. கபர்னே சொவின்யோன், சிரா போன்ற பிரெஞ்சு வகைகளைப் பெரிய அளவில் நட்டார்கள். புல்டோசர் வைத்து மலையைப் படிக்கட்டாக வெட்டினார்கள். கலவை ஒயினில் இந்தப் புது வகைகளுக்குக் கணிசமான பங்கு இருந்தது. பத்து, பதினைந்து அறுவடைகள் பார்த்த பிறகே உள்ளூர்ப் பழைய கார்நாச்சாவும் கரிஞேனாவும்தான் இந்த மலையின் குரல் என்று பலரும் திரும்பி வந்தார்கள். 2000இல் கட்டலோனிய அரசும் 2009இல் ஸ்பெயின் அரசும் பிரியோராட்டுக்கு மிக உயர்ந்த தரநிலையைக் கொடுத்தன. ஸ்பெயினில் ரியோகாவுக்கும் பிரியோராட்டுக்கும் மட்டுமே அது உண்டு.

இரண்டு திராட்சைகள்

கார்நாச்சா: தோல் மெல்லியது, இனிப்பு அதிகம் ஏறும், வறட்சி தாங்கும். சமவெளியில் தண்ணீர் கட்டி வளர்த்தால் வெளிறிய, சாரமற்ற ஒயின்தான் வரும். வயதாகி, சில கொத்து மட்டும் காய்க்கும் நிலையில் சிவப்புப் பழ வாசனையும் மலை மூலிகை வாசனையும் கலந்த ஆழமான ஒயின் தரும்.

கரிஞேனா: புளிப்பும் துவர்ப்பும் நிறமும் கூடியது, தாமதமாகப் பழுப்பது. விளைச்சலை அள்ளிக் கொடுப்பதால் இருபதாம் நூற்றாண்டில் மலிவு ஒயினுக்கு நடப்பட்டு, கெட்ட பெயர் எடுத்தது. தெற்குப் பிரான்ஸில் அரசு மானியம் கொடுத்தே பிடுங்கவைத்தார்கள். ஆனால் சிலேட்டுச் சரிவில் நின்று, வயதால் விளைச்சல் வற்றிய கரிஞேனா வேறு ஆள். கார்நாச்சாவிடம் இல்லாத புளிப்பை அது தருகிறது. போபொலேதா கிராமத்தில் 1902இல் நட்ட ஒரு கரிஞேனாத் தோட்டம் இன்று பிரியோராட்டின் உச்சத் தரத்தில் இருக்கிறது. ஒரு தலைமுறை இழிவாகப் பேசிய வகைக்கு இப்படி ஒரு இடம் கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

வயதான கொடிக்குள் என்ன நடக்கிறது?

பந்தலில் படரும் கொடியை மனதிலிருந்து எடுத்துவிட வேண்டும். இங்கே பந்தல் கிடையாது, கம்பியும் பெரும்பாலும் கிடையாது. இடுப்பளவு உயரத்தில் தனித்தனியாக நிற்கும் முண்டு. அடிமரம் தொடை கனம், பட்டை நார் நாராக உரிந்து தொங்கும். நூறு கவாத்துத் தழும்புகள் முடிச்சு முடிச்சாக இருக்கும். சில கொடிகளில் ஒரு பக்கம் செத்துப் பொந்தாகி, மறுபக்கத்துப் பட்டை வழியாக மட்டும் உயிர் ஓடும். அதன் உச்சியில் சித்திரை வெயிலில் இளம்பச்சைத் துளிர்.

இப்படிப்பட்ட கொடியின் ஒயின் வேறுபடுவதற்கு இப்போது காரணங்கள்:

1. விளைச்சல் குறைவு. மரத்தைத் தாக்கும் பூஞ்சை, வைரஸ், செத்த கிளைகள் எல்லாம் சேர்ந்து கொத்துகளைக் குறைக்கின்றன. பழமும் சிறிது. பழம் சிறுத்தால் சாற்றுக்குத் தோலின் விகிதம் கூடும். நிறமும் துவர்ப்பும் வாசனையும் தோலில் இருப்பதால் ஒயின் அடர்த்தியாகும்.
2. சேமிப்பு. கனத்த அடிமரமும் வேரும் மாவுச்சத்தைச் சேர்த்துவைக்கும். மோசமான ஆண்டில் அதிலிருந்து எடுத்துக் கொடி தாக்குப்பிடிக்கும். நல்ல ஆண்டுக்கும் கெட்ட ஆண்டுக்கும் இடைவெளி குறையும்.
3. ஆழ வேர். ஆகஸ்டு வெயிலில் இளங்கொடி இலைத்துளைகளை மூடிக்கொண்டு பழுப்பதை நிறுத்திவிடும். பழைய கொடி மெதுவாகவேனும் வேலை செய்துகொண்டிருக்கும்.
4. கலப்பு. அந்தக் காலத்தில் ஒரே நாற்றங்காலில் ஒரே செடியின் நகல்களை வாங்கி நடவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் குச்சிகளை வெட்டி ஒட்டினார்கள். ஒரே வரிசையில் கார்நாச்சா, இலையின் அடியில் பூனைமயிர் போல் வெள்ளைப் பஞ்சு படர்ந்த அதன் தம்பி ‘முடிக் கார்நாச்சா’, நடுவில் இரண்டு கரிஞேனா என்று கலந்து நிற்கும்.

நான்காவதைப் பலர் பேசுவதில்லை. எனக்கு இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. பழைய தோட்டத்தைப் பிடுங்கினால் கொடி மட்டும் போவதில்லை, எந்த நாற்றங்காலிலும் இல்லாத வகைத் தொகுப்பும் சேர்ந்து போகிறது. 2008 முதல் மூன்றாண்டுகள் ஐரோப்பிய ஒன்றியம் உபரி ஒயினைக் குறைக்கக் கொடி பிடுங்குவதற்கு மானியம் கொடுத்தபோது, ஸ்பெயினில் பெரும்பரப்பில் தோட்டங்கள் அப்படித்தான் போயின. விளைச்சல் குறைந்த பழைய தோட்டங்களுக்குத்தான் மானியம் ஆசை காட்டியது.

எதை நம்பக் கூடாது?

‘பழைய கொடி என்றால் நல்ல ஒயின்’ என்று முடிவுகட்டுவது தவறு. எழுபது ஆண்டு ஒரு தோட்டம் நிற்கிறது என்றால், முதலிலேயே அது நல்ல இடமாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம். மோசமான இடத்தில் இருந்தவை எப்போதோ பிடுங்கப்பட்டுவிட்டன. எனவே நாம் ருசிப்பது வயதையா, இடத்தையா என்று பிரிப்பது கடினம். பழைய கொடிகளின் விளைச்சல் குறைவை நன்றாகக் காட்ட முடிகிறது. ருசியில் வேறுபாடு என்று வரும்போது ஆய்வு முடிவுகள் அவ்வளவு ஒருமித்துப் பேசவில்லை.

இன்னொன்று, ‘சிலேட்டின் ருசி ஒயினில் தெரிகிறது’ என்ற பேச்சு. வேர் கல்லின் ருசியை உறிஞ்சி மேலே அனுப்புவதில்லை. கல்லின் பங்கு, தண்ணீரையும் வெப்பத்தையும் எப்படிக் கொடுக்கிறது என்பதில் இருக்கிறது.

விலைக் கணக்கு

750 மில்லிலிட்டர் பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்று மேல் பழம் வேண்டும். பிரியோராட்டின் முதிய கொடி ஒன்று பல நேரம் ஒரு கிலோ கூடத் தராது. அதாவது, ஆண்டு முழுவதும் ஒரு கொடிக்குச் செய்த வேலைக்கு ஒரு பாட்டில் கூட முழுதாக நிறையாது.

அந்த வேலையும் கையால்தான். செங்குத்துச் சரிவுத் தோட்டங்களைக் கட்டலான் மொழியில் ‘கொஸ்தேர்ஸ்’ என்பார்கள். உழவுக்குச் சில இடங்களில் கோவேறு கழுதை. களைக்குக் கைக்கொத்து. அறுவடைக்கு ஒரு காலை மேலே, ஒரு காலைக் கீழே ஊன்றிக்கொண்டு பறிப்பு. காலடியில் கல் சரியும். முப்பது சதவீதத்துக்கு மேல் சரிவு, 500 மீட்டருக்கு மேல் உயரம், படிக்கட்டு நிலம் போன்ற நிலைமைகளில் நடக்கும் திராட்சை வேளாண்மைக்கு ஐரோப்பாவில் ‘வீர வேளாண்மை’ என்றே பெயர். வியாபாரத்துக்காக வைத்த பட்டம் போல ஒலித்தாலும், அந்தச் சரிவைப் பார்த்தால் அந்தச் சொல்லைக் குறை சொல்லத் தோன்றாது.

விலையில் விளம்பரமும் அரிதான பொருள் மீதான ஆசையும் கலந்திருக்கின்றன, உண்மை. ஆயிரம் யூரோ பாட்டிலை எந்தக் கூலிக் கணக்கும் நியாயப்படுத்தாது. ஆனால் இருபது, முப்பது யூரோ என்பதைப் பேராசை என்று சொல்ல முடியாது; அந்த விலை கிடைக்காவிட்டால் அந்தக் கொடிக்கு யாரும் கவாத்துச் செய்யப்போவதில்லை.

லேபிளைப் படிப்பது எப்படி?

பிரியோராட் தன் ஒயினை அடுக்கடுக்காகப் பிரித்திருக்கிறது. அடியில் பகுதிப் பெயர் மட்டும். அதற்கு மேல் 2009இல் வந்த ‘ஊர் ஒயின்’. பன்னிரண்டு ஊர்ப்பகுதிகள், கிரதாயோப்ஸ், பொர்ரேரா, தொர்ரோஜா போல. அதற்கு மேல் ஊருக்குள் ஒரு குறிப்பிட்ட நிலப்பகுதி. அதற்கும் மேல் தரம் பிரித்த தனித் தோட்டம். உச்சியில் ‘பெருந்தோட்டம்’, லெர்மிதாவும் மேலே சொன்ன 1902 கரிஞேனாவும் அந்த உச்சியைச் சேர்ந்தவை. மேலே போகப்போக விளைச்சல் உச்சவரம்பு குறையும், கொடியின் வயதுக்கும் உள்ளூர் வகைகளுக்கும் விதி கடுமையாகும்.

பிரியோராட் லேபிளில் ‘பழைய கொடிகள்’ என்ற சொல்லோடு ஊர்ப் பெயரோ தோட்டப் பெயரோ, நட்ட ஆண்டோ இருந்தால் அதற்குப் பின்னால் ஆவணம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். வேறு பகுதி ஒயினில் வெறும் சொல் மட்டும் நின்றால், அது தயாரிப்பாளரின் நேர்மையைப் பொறுத்தது. காசு குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: பிரியோராட்டை வளையம் போலச் சுற்றியிருக்கும் மொன்சான் பகுதியிலும், ஸ்பெயினின் மத்தியில் கிரெதோஸ் மலைகளின் கார்நாச்சாவிலும், வடமேற்கில் பியர்சோ பகுதியின் மென்சியா வகைத் திராட்சையிலும் இதே போன்ற முதிய கொடிகள் உண்டு. விலை பெரும்பாலும் கீழே.

வறட்சி வந்தபோது

2021 முதல் 2024 வசந்தம் வரை கட்டலோனியாவைக் கடும் வறட்சி வாட்டியது. 2024 பிப்ரவரியில் பார்சலோனா உள்ளிட்ட பகுதிகளுக்கு நீர் அவசரநிலை அறிவித்தார்கள். பிரியோராட்டின் அறுவடை வழக்கத்தைவிட வெகுவாகச் சரிந்தது. ஆழ வேர் ஈரத்தைத் தேடிப் போகலாம். ஆனால் மூன்று குளிர்காலம் மழை இல்லாவிட்டால் ஆழத்திலும் ஈரம் இருக்காது. இலை உதிர்த்து நின்ற கொடிகளில் முதியவையும் இருந்தன. அதோடு, பிரியோராட்டின் சொந்த ஆறான சியுரானாவின் நீர் ஒரு பகுதி மலையைத் தாண்டி ரேவுஸ் பக்கம் திருப்பிவிடப்படுகிறது. ஆற்றில் தண்ணீர் ஓட வேண்டும் என்று ஊர்க்காரர்கள் போராடிவருகிறார்கள்.

செத்த கொடியின் இடத்தை நிரப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பக்கத்துக் கொடியின் நீண்ட கிளையை வளைத்து மண்ணுக்குள் பதியம் போடுவது. தாயிடமிருந்து உண்டு அது சீக்கிரம் வேர் பிடிக்கும். ஆனால் வேர் ஐரோப்பிய வேர் என்பதால் ஃபிலாக்ஸெரா எப்போது வேண்டுமானாலும் தின்னலாம். மற்றொன்று, பழைய தோட்டம் முழுவதிலுமிருந்து பல கொடிகளின் குச்சிகளை வெட்டி, வறட்சி தாங்கும் அமெரிக்க வேரில் ஒட்டி, ஒவ்வொன்றாக நடுவது. அதற்குக் கல்லில் குழி தோண்ட வேண்டும், முதல் இரண்டு கோடைக்குச் சரிவில் தண்ணீர் சுமந்து ஊற்ற வேண்டும். அப்படி இன்று நடும் கன்று பிரியோராட்டின் விதிப்படி ‘பழைய கொடி’ ஆக இந்த நூற்றாண்டின் கடைசி வரை காத்திருக்க வேண்டும்.